லண்டனுக்குப் பூஜைப் பொருள் பார்சல்: கற்பூரம் போட்டால் திரும்பி வருகிறது

மதுரைக்கடை: பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். நவராத்திரிக்கு லண்டனில் இருந்து ஒரு செட் கேட்டார்கள்: விபூதி, குங்குமம், திரி, நல்லெண்ணெய், ஊதுபத்தி, கப் சாம்பிராணி, கற்பூரம், ஒரு தீப்பெட்டி. கூரியரில் போட்டேன், சென்னையில் ஸ்கேன் செய்து "டேஞ்சரஸ் கூட்ஸ்" என்று ஒட்டித் திருப்பிவிட்டார்கள். கோயில் கோயிலாகக் கொளுத்துகிற கற்பூரத்தில் என்னங்க டேஞ்சர்? வழியே கிடையாதா?

சரக்குராஜா: டப்பாவில் சீல் வைத்து "ஹெர்பல் பொருள்" என்று எழுதிப் போடுங்கள், பாதி நேரம் போய்விடும்.

ஃபார்வர்டிங்ஆள்: ராஜா சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பொய் டிக்ளரேஷன் பிடிபட்டால் கூரியர்காரன் ஒதுங்கிக்கொள்வான், சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது அனுப்பியவர்தான். பறக்கிற விமானத்தில் தீப்பிடித்தால் இறங்கி ஓட முடியாது, அதற்காகத்தான் இத்தனை கெடுபிடி. ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் பட்டியலில் கற்பூரம் யுஎன் 2717, வகுப்பு 4.1, அதாவது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். தீப்பெட்டியும் அதே வகுப்புதான், யுஎன் 1944. ஆனால் முழுத் தடை இல்லை, பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். விதிப்படி பேக் செய்து, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட லேபிள் ஒட்டி, எம்எஸ்டிஎஸ் (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்) வைத்து, டிஜி, அதாவது டேஞ்சரஸ் கூட்ஸ் பயிற்சி பெற்ற ஆள் கையெழுத்துப் போட்ட டிக்ளரேஷனோடு கொடுத்தால் விமானத்திலேயே போகும். சாதாரண கூரியர் கவுன்ட்டரில் வாங்க மாட்டார்கள், டிஜி கார்கோ எடுக்கிற ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) போக வேண்டும். இருநூறு கிராமுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம். தபாலிலும் முடியாது, அங்கே இதெல்லாம் தடைப் பட்டியலில் இருக்கிறது.

தூத்துக்குடிக்காரன்: கப் சாம்பிராணியை எல்லோரும் விட்டுவிட்டீர்களே. அதில் கரித்தூள் கலந்திருந்தால் கேள்வி வரும். கரி யுஎன் 1361, வகுப்பு 4.2, தானாகவே சூடேறிப் பற்றக்கூடியது. முன்பெல்லாம் கடல்வழியில் கரி சோதனையில் தேறிவிட்டால் சாதாரண சரக்காகப் போகும், கன்டெய்னர்கள் எரிந்த பிறகு அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள், 2026 ஜனவரி முதல் டிஜி என்று டிக்ளேர் செய்தே ஆக வேண்டும். தயாரிப்பாளரிடம் எம்எஸ்டிஎஸ் கேளுங்கள், தர மறுத்தால் அந்தப் பிராண்டை ஏற்றுமதிக்குத் தொடாதீர்கள்.

மதுரைக்கடை: நல்லெண்ணெய்?

ஃபார்வர்டிங்ஆள்: டிஜி இல்லை. திரவம் என்றால் அதன் ஆவி 60 டிகிரி செல்சியஸ் வரைக்குள் பற்றுமா என்று பார்ப்பார்கள், நல்லெண்ணெய்க்கு 200-க்கு மேல். ஒழுகாமல் பேக் செய்தால் போதும், கூரியரிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரைக்கடை: சரி, அப்போ கற்பூரம், தீப்பெட்டி, சாம்பிராணி மூன்றையும் எடுத்துவிட்டு மற்றதை அனுப்புகிறேன். கற்பூரம் அங்கேயே லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் கிடைக்கும்தானே?

தூத்துக்குடிக்காரன்: தாராளமாக. மொத்தமாக அனுப்பும் அளவுக்கு ஆர்டர் சேர்ந்தால் கப்பலில் விசாரியுங்கள். கற்பூரம் சிறு பாக்கெட்டுகளாக இருந்தால் "லிமிடெட் குவான்டிட்டி" (குறைந்த அளவு) சலுகை உண்டு, கெடுபிடி கொஞ்சம் குறையும்.