நானோடிஸ்க் சவ்வா, வட்டா?

ஜெலுத்தோங்காரன்: செந்தூல் அக்கா நேற்று எழுதியதைப் படித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. "செல்லின் கொழுப்புச் சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதத்தின் அசைவை அளக்க, அதைக் கரைத்தெடுக்கும் சோப்பு போன்ற டிடெர்ஜென்ட்டே போதும்" என்கிறார். போதாது! கனநீரில் போட்டால் புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் உள்ள ஹைட்ரஜன் போய், அதன் கனமான வகையான டியூட்டீரியம் ஏறும், ஒன்றுக்கு ஒரு டால்டன் (ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) கூடும். அசையும் இடத்தில் சீக்கிரம் ஏறும், இறுகிய இடத்தில் மெதுவாக. சுற்றிக் கொழுப்பு இல்லாவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். புரதத்தைப் பதித்து வைக்கும் குட்டி வட்டான நானோடிஸ்க்கில் கொழுப்பு இருக்கிறது.

செந்தூல்_அக்கா: தம்பி, 2008-லேயே வேதியியலாளர் கரோல் ராபின்சன் குழு சவ்வுப் புரதக் கூட்டு ஒன்றை டிடெர்ஜென்ட் மூலக்கூறுகள் சூழ்ந்த உருண்டையான மைசெல்லோடு நிறை அளக்கும் கருவிக்குள் பறக்கவிட்டு, சிதையாமல் எடை போட்டுவிட்டது. உங்கள் நானோடிஸ்க் சுமார் 10 நானோமீட்டர் வட்டு, சுற்றி ஒரு புரதப் பட்டை. இரண்டு பக்கமும் ஒரே பஃபர் கரைசல். செல்லில் அப்படியா இருக்கும்? வட்டு சவ்வாகாது.

ஜெலுத்தோங்காரன்: எடை போடுவது வேறு, அசைவைப் பார்ப்பது வேறு. 2018-ல் ஆய்வாளர் பொலிட்டிஸ் குழு, ஈ.கோலை பாக்டீரியாவில் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் புரதங்களை நானோடிஸ்க்கில் வைத்து இதே கனநீர் முறையில் அளந்தது. எந்தக் கொழுப்பு என்பதைப் பொறுத்துப் புரதம் செல்லின் உள்பக்கம் திறந்திருக்கச் சாய்கிறதா, வெளிப்பக்கமா என்பதே மாறியது. மைசெல்லில் இது தெரியுமா? கொழுப்பு இருக்கிறது, அக்கா.

செந்தூல்_அக்கா: வட்டு சவ்வாகாது.

பட்டர்வொர்த்_மாணவன்: அண்ணே, அக்கா, "இயற்கைக்கு நெருக்கமான சூழல்" என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமா?

ஜெலுத்தோங்காரன்: அது அப்புறம் தம்பி. கொழுப்பு இருக்கிறதா இல்லையா, அதற்கு முதலில் பதில் வரட்டும்.

செந்தூல்_அக்கா: கொழுப்பு இருக்கட்டும், உங்கள் டியூட்டீரியம் எங்கே? போன வருடம் கருத்தரங்கில் நீங்கள் காட்டிய படத்தில் பாதியைக் காணோம். அமிலம் சேர்த்து பிஹெச் 2.5, பூஜ்ய டிகிரியில் அந்த ஏற்றத்தை நிறுத்தி, சூடு ஏறாமல் கருவிக்குள் விட வேண்டும். பினாங்கு வெக்கையில் ஐஸ் உருகும்வரை பேசிக்கொண்டிருந்தால் ஏறியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிப் போகும்.

ஜெலுத்தோங்காரன்: ஐஸ் உருகவில்லை. கட்டுப்பாட்டு மாதிரி வைத்து இழப்பைக் கழித்திருந்தேன், அடுத்த படத்திலேயே இருந்தது. அதைக் காட்டவிடாமல் மைக்கைப் பிடுங்கியது யார்? இன்றுவரை மறக்கவில்லை.

செந்தூல்_அக்கா: நேரம் முடிந்தது, மணி அடித்தேன். தலைவர் நாற்காலியில் இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஜெலுத்தோங்காரன்: உங்கள் மாணவருக்கு மட்டும் எட்டு நிமிடம் கூடுதல். நான் கடிகாரம் பார்த்தேன்.

பட்டர்வொர்த்_மாணவன்: டிடெர்ஜென்ட்டிலும் நானோடிஸ்க்கிலும் ஒரே புரதத்தை அளந்து பக்கத்தில் வைத்தால்...

ஜெலுத்தோங்காரன்: அதைத்தான் காட்ட வந்தேன், மணி அடித்துவிட்டார்கள். அந்தப் படத்தை இன்றிரவு இங்கேயே போடுகிறேன். கொழுப்பு இருக்கிறது.

செந்தூல்_அக்கா: போடுங்கள். வட்டு என்றுதான் எழுதுவேன்.