மறு: மண்ணும் மரமும் சார்ந்த ஆண்பிள்ளைப் பெயர்கள் – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தங்கை மகனுக்கு மருதன் என்று பெயர் வைத்தோம். அதற்கு முன் பத்து நாள் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டியதில், கடவுள் பெயருக்கும் தலைவர் பெயருக்கும் தனித் தலைப்பு இருந்தது. முகிலன், வேங்கை, கதிர் எல்லாம் ‘மற்றவை’யில் கிடந்தன. இப்படி மண், மரம், மழை சார்ந்த பெயர்களுக்கென ஒரு கலைச்சொல் வேண்டும் என்று நான் இந்த இழையைத் தொடங்கியதே அந்த ஆற்றாமையில்தான். இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘இயற்கைப்பெயர்’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஐயா. ஆனால் பக்கத்திலேயே ‘இயற்பெயர்’ நிற்கிறது. புனைபெயரில் எழுதுபவரின் இயற்பெயர் என்ன என்று அன்றாடம் கேட்கிறோம். தொல்காப்பியப் பெயரியலிலும் அது இருக்கிறது. இரண்டும் வேகமாகப் பேசும்போது ஒன்றாகவே காதில் விழும்.

> நிலப்பெயர் என்று வைக்கலாம்.

எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. ஆனால் தொல்காப்பியர் இதை முன்பே எடுத்துவிட்டார். அருவாளன், சோழியன் என்று ஒருவர் வாழும் நிலத்தால் வரும் பெயர்தான் அங்கே நிலப்பெயர். அதே நூற்பாவில் திணைநிலைப் பெயரும் வருகிறது. ஆயர், வேட்டுவர் போன்றவை. ஆகவே வெறும் ‘திணைப்பெயர்’ என்றாலும் குழப்பம்தான். உயர்திணை, அஃறிணை வேறு நினைவுக்கு வரும்.

‘கருப்பெயர்’ வேண்டாம். ஒரு நிலத்துக்கே உரிய மரம், விலங்கு, பறவை போன்றவற்றைக் குறிக்கும் கருப்பொருளிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட வைத்த பெயர் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை ‘ஐந்திணைப்பெயர்’. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து நிலங்கள்தான் ஐந்திணை. மருதனையே எடுத்துக்கொள்ளுங்கள். மருதம் ஒரு மரம். ஆற்றங்கரையில் வெளிறிய பட்டையோடு நிற்கும். பட்டை செதில் செதிலாக உரியும். பெயர் வைத்த அன்று அப்பா அதன் காய் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிலருகே வைத்தார். உலர்ந்து பழுப்பேறிய காய். நீளவாக்கில் ஐந்து இறக்கை. விரலால் உருட்டினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். அந்த மரம் நிற்கும் வயல்வெளிக்கும் மருதம் என்றே பெயர். வைகைக் கரையில் திருமருத முன்துறை என்றொரு துறை இருந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மருதன் இளநாகனார் என்ற புலவர் இருந்திருக்கிறார். 1801-இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் பெயரும் இந்த மரத்தை நினைவூட்டும். இந்த வளத்தை ‘இயற்கை’ என்ற பொதுச்சொல் தாங்காது. ஐந்திணை தாங்கும்.

வேங்கை குறிஞ்சி மரம். பாறை மேல் அதன் பூ உதிர்ந்து கிடப்பது புலிக்குட்டி போலத் தெரிகிறது என்கிறது குறுந்தொகை 47. மரமும் புலியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. முகிலன் முல்லையின் கார்காலத்தோடு சேரும். கதிர் எங்கே சேரும் என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நெற்கதிர் என்று நினைத்து வைத்தால் மருதம். சூரியன் என்று நினைத்து வைத்தால் பரிதியோடு சேர்த்து ‘வான்பெயர்’ எனலாம். பெற்றோரைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்திணை என்றாலே காதல்தானே நினைவுக்கு வரும், குழந்தைக்குப் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது உரிப்பொருள், அதாவது அந்தந்தத் திணைக்குரிய காதல் உணர்வு. முதற்பொருள் நிலமும் பொழுதும்தானே? அதிலிருந்தும் கருப்பொருளிலிருந்தும் எடுத்த பெயர்கள் என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் சரி.

அப்புறம் ‘மண்ணாங்கட்டி’. இதைவிட மண் சார்ந்த பெயர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என் பாட்டியின் அண்ணன் பெயர் அதுதான். அவருக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அப்படிக் கூப்பிட்டார்கள். குப்பை, பிச்சை எல்லாம் அதே வகை. பாட்டி அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒருநாளும் சிரித்ததில்லை. மண்ணின் மேல் உள்ள ஆசையால் வைத்த பெயர் அல்ல அது, பிள்ளை மேல் உள்ள பயத்தால் வைத்தது. அதை இந்த வகையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ‘காப்புப்பெயர்’ என்று தனியே வைப்போம்.

பதிவுக்கான வரைவு இது:

ஐந்திணைப்பெயர்: ஐவகை நிலங்களின் மரம், செடி, விலங்கு, பறவை, நீர், பொழுது ஆகியவற்றிலிருந்து எடுத்து ஒருவருக்கு இடும் பெயர். எ-டு: மருதன், வேங்கை, முகிலன்.

பெண்பிள்ளைப் பெயர்களான குறிஞ்சி, முல்லை ஆகியவற்றுக்கும் இது அப்படியே பொருந்தும். ‘ப்’ மிகும், ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதலாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மருதனின் மாமா