தவணை கட்டிக்கொண்டிருந்தபோதே வந்த செக் கேஸ்

திருப்பூரில் நாலு மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். 2019 கடைசியில் ஒரு பைனான்ஸ்காரரிடம் 3 லட்சம் வாங்கினேன். தேதி, தொகை எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை ஈடாகக் கொடுத்தேன். அடுத்த வருஷமே ஊரடங்கு. ஆர்டர் இல்லை, வட்டியே கட்ட முடியவில்லை. 2022 ஆகஸ்டில் அவரே கூப்பிட்டு, "வட்டி வேண்டாம்மா, மாசம் பத்தாயிரமாக் கொடுத்து அசலை முடிச்சிரு" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். 11 மாசம் ஒரு தவணைகூடத் தவறாமல் ஜிபேயில் போட்டேன்.

12-வது தவணைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது பேங்க் மெசேஜ் வந்தது. முழு 3 லட்சத்துக்கும் செக்கை நிரப்பிப் போட்டிருக்கிறார், பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ். நான் கட்டிய 1 லட்சத்து 10 ஆயிரத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு செக் கொடுத்தேன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

"தவணைதான் கட்டறியே, பதிலே போடாத" என்று பக்கத்து யூனிட் அண்ணன் சொன்னார். நல்லவேளை கேட்கவில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. அதற்குள் பணம் போகாவிட்டால், பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவில் வழக்குப் போடலாம். வக்கீலம்மா முதலில் கேட்டது பேங்க் ஸ்டேட்மென்ட். 11 தவணையையும் தேதிவாரியாகக் குறித்துப் பதில் நோட்டீஸ் அனுப்பினார். அப்படியும் கேஸ் போட்டார்கள், சம்மன் வந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்குத்தான் பேங்கில் போடவேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138 நிற்காது. இதை எடுத்துச் சொன்ன பிறகு எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. நாலஞ்சு வாய்தா நடந்து, 2024 செப்டம்பரில், இரண்டு தரப்பும் சமரசம் பேசி முடிக்கிற லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) 1 லட்சத்து 75 ஆயிரம், அஞ்சு தவணை என்று முடித்தோம். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. அந்தச் செக்கைத் திரும்ப வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

*

அக்கா, நீங்கள் ஜிபேயில் போட்டதால் தப்பித்தீர்கள். நான் தறிப்பட்டறைக்காக 2 லட்சம் வாங்கி, 80 ஆயிரம் வரைக்கும் ரொக்கமாகவே திருப்பிக் கொடுத்தேன். கடன் கொடுத்தவர் தன்னுடைய நோட்டில்தான் குறித்துக்கொள்வார், என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கோர்ட்டில் அந்த நோட்டே இல்லை என்றுவிட்டார். பயத்தில் முதல் சம்மனை வாங்காமல் விட்டு, பிடிவாரண்ட் வரைக்கும் போனது. கடைசியில் மனைவி நகையை விற்று முழு 2 லட்சமும் கட்டினேன். அந்த 80 ஆயிரம் போனது போனதுதான். என் பெரிய பெண் காலேஜ் சேரவேண்டிய வருஷம் அது.

*

இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். எனக்கும் போன வாரம் நோட்டீஸ் வந்திருக்கிறது, இன்னும் 9 நாள் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தவித்தபோது, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் தருகிறார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நாளைக்குக் காலையில் ஸ்டேட்மென்ட்டோடு போகிறேன். நான் கட்டிய ஆறு தவணையில் இரண்டு ரொக்கம். அன்றைக்கே "பணம் வந்தது" என்று கடன் கொடுத்தவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் என் போனில் இருக்கிறது. அதையும் காட்டப்போகிறேன்.