கயோட்டி ஊதல்: ஆறு முறை உட்கார்ந்தும் ஒன்றுகூட வரவில்லை, எங்கே தவறு?

லானோ_ஆட்டுப்பட்டி:
வணக்கம். டெக்சாஸில் லானோ பக்கம் 60 ஏக்கரில் ஆடு வளர்க்கிறேன். இங்கே கயோட்டித் தொல்லை (நரி மாதிரி இருக்கும் வட அமெரிக்கக் காட்டுவிலங்கு, நாய் இனம்). இந்த மாதம் மட்டும் நான்கு ஆட்டுக்குட்டிகள் போய்விட்டன. செத்துக் கிடந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். தொண்டையின் இரண்டு பக்கமும் பல் இறங்கிய ஓட்டைகள், வயிற்றைக் கிழித்துத் தின்றிருந்தது. வேறெங்கும் கடி இல்லை. நாய் என்றால் தொடை, வால், காது என்று கண்ட இடத்தில் குதறியிருக்கும். இது கயோட்டிதான்.

பக்கத்துப் பண்ணைக்காரர் வாயால் ஊதும் ஊதல் ஒன்று கொடுத்து, முயல் அலறுவதுபோல ஊதக் கற்றுக்கொடுத்தார். இரை என்று நினைத்துக் கயோட்டி தேடி வரும், அப்போது சுடலாம் என்றார். மூன்று வாரத்தில் என் நிலத்திலேயே ஆறு முறை உட்கார்ந்தேன். ஊதிக்கொண்டிருக்கும்போதே சத்தம் அடைத்துவிடுகிறது. அது ஒரு தொல்லை. பெரிய தொல்லை, ஒரு கயோட்டியும் வரவில்லை. காற்று தெற்கிலிருந்து வருகிறது. அதனால் தெற்கு பார்த்து உட்கார்கிறேன். முதுகுக்குப் பின்னால் அடர்ந்த சீடார் புதர், மறைவாக இருக்கட்டும் என்று. பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். என்ன தவறு செய்கிறேன்?

மெஸ்கீட்_நிழல்:
முதலில் ஊதலைச் சரிசெய்வோம். மேலே தெரியும் பிளாஸ்டிக் ரீட்டை (அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய பட்டை) உதட்டால் அழுத்தி ஊதுகிற வகைதானே? எச்சில் பட்டு ரீட் அடித்தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு டாலர் நோட்டை ரீட்டுக்கு அடியில் நுழைத்து மெல்ல இழுங்கள், ஈரம் போய்விடும். நான் எப்போதும் சட்டைப் பையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன்.

உதடு ரீட்டின் நுனிப்பக்கம் இருந்தால் கீச்சுக் குரல் வரும். உள்ளே தள்ளி வைத்தால் குரல் தடிக்கும். காட்டுமுயலுக்கு நுனி, பெரிய ஜாக் முயலுக்குக் கொஞ்சம் உள்ளே. ஒரே சீராக ஊதாதீர்கள். உயிர் போகும் முயலுக்கு மூச்சு திணறும், குரல் உடையும், நடுவில் நின்றுபோகும். முதல் ஊதல் மெதுவாக இருக்கட்டும். பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருந்தால், எடுத்த எடுப்பில் ஓங்கி ஊதுவது அதை விரட்டிவிடும்.

வடகாற்று:
தம்பி, அவை வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கென்னவோ வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

கயோட்டி சத்தத்தைக் கேட்டதும் நேராக ஓடிவராது. பெரும்பாலும் வட்டமடித்து, காற்று போகும் பக்கத்துக்கு வந்து மோந்து பார்க்கும். உங்கள் விஷயத்தில் அது வடக்கு, அதாவது உங்கள் முதுகு. அங்கே சீடார் புதரை வேறு வைத்திருக்கிறீர்கள். அது வந்து, மோந்து, திரும்பிப் போனதை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. நாளைக் காலையில் புதருக்குப் பின்னால் மணலில் தடம் தேடுங்கள். கயோட்டித் தடம் நீள்வட்டமாக, ஒடுங்கி இருக்கும். முன்னிரண்டு நகக்குறிகளும் நெருக்கமாக விழும். நாய்த்தடம் அகலமாக விரிந்திருக்கும்.

இன்னொன்று, 60 ஏக்கர் என்பது ஒரு பக்கத்துக்கு 540 கெஜம்கூட இல்லை. எங்கே உட்கார்ந்து ஊதினாலும் முழு நிலத்துக்கும் கேட்கும். ஒரே கயோட்டிகளுக்கு ஆறு தடவை பாடம் நடத்தியிருக்கிறீர்கள். அந்த முயல் சத்தத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள்.

லானோ_ஆட்டுப்பட்டி:
அண்ணே, போய்ப் பார்த்தேன். புதரிலிருந்து 30 தப்படியில், கிரானைட் மணல் பாதையில் தடம் இருக்கிறது. நடந்து வந்து, ஒரு இடத்தில் நின்று, அப்படியே திரும்பி ஓடியிருக்கிறது. திரும்பிய இடத்தில் மணல் பின்னால் வாரி அடித்திருக்கிறது. பார்த்ததும் வயிறு எரிந்தது. இனி எப்படி உட்கார்வது?

வடகாற்று:
காற்று இடமிருந்து வலமாகப் போகும்படி உட்காருங்கள். வலப்பக்கம் வெட்டவெளியாக இருக்க வேண்டும், ரைஃபிள் அந்தப் பக்கம் தயாராக இருக்க வேண்டும். மரத்தடி நிழலில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். வண்டியை மேட்டில் நிறுத்தாதீர்கள், கதவை அறையாதீர்கள். பத்து நிமிடம் போதாது, 20 நிமிடமாவது அசையாமல் இருங்கள். பக்கத்து நிலத்தில் உட்கார உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். இந்த இலையுதிர்காலத்தில் கயோட்டிக் குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்து புது இடம் தேடி அலையும். அனுபவமில்லாதவை, எளிதில் வரும்.

ஆஸ்டின்_வாசி:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸில் கயோட்டிக்கு வேட்டைப் பருவம் என்று எதுவும் இல்லை, ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். ஆடு மாடுகளைத் தாக்குகிற கயோட்டியைச் சுட உரிமம் தேவையில்லை என்ற விலக்கும் உண்டு. ஆனால் எச்1பி விசாவில் இருப்பவர்கள் அந்த விலக்கை நம்பித் துப்பாக்கியைத் தொட வேண்டாம். மத்தியச் சட்டம் அவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் அதிலிருந்து விலக்கு. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும்.

லானோ_ஆட்டுப்பட்டி:
எனக்குக் கிரீன் கார்டு, உரிமமும் எடுத்துவிட்டேன். நேற்று மாலை பக்கத்துப் பண்ணையில் அனுமதியோடு உட்கார்ந்தேன். ஊதலை எடுக்கவே இல்லை. புறங்கையில் வாயை வைத்து எலி மாதிரி உறிஞ்சிக் கீச்சிட்டேன், அவ்வளவுதான். 13வது நிமிடம் வலப்பக்க வெட்டவெளியில் ஒன்று வந்தது. வால் தாழ்ந்திருந்தது, மூக்கைத் தூக்கிக் காற்றைத் தேடிக்கொண்டே ஓட்டநடையில் வந்தது. வாயால் ஒரு தடவை குரைத்தேன், சட்டென்று நின்றது. 90 கெஜம், பின்னால் மண்கரை. ஒரே குண்டு. கைநடுக்கம் நிற்க வெகுநேரமானது.

ஜோடியில் மற்றொன்று இருக்குமா? பிப்ரவரியில் என்ன சத்தம் ஊதலாம்?

வடகாற்று:
மிக்க மகிழ்ச்சி தம்பி. பிப்ரவரி இணைசேரும் காலம், அப்போது முயல், எலி மாதிரி இரைச் சத்தத்தைவிடக் கயோட்டி ஊளை நன்றாக எடுபடும். தனி ஊளை ஒன்று விட்டு, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சண்டைக்கு இழுக்கும் ஊளை வேண்டாம், இளசுகள் பயந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போட்டிருக்கும்போது, கயோட்டிக் குட்டி அழும் சத்தத்துக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தே வரும். அதுவரை ஆட்டுக்குட்டிகளை இரவில் பட்டியில் அடைத்தே வையுங்கள்.