“சளி இருக்கும்மா, இன்னைக்கு வேண்டாம்”

உசிலம்பட்டி அம்மா:
என் மகளுக்கு உதட்டில் ஒன்றுமில்லை, உள்ளே வாயின் மேற்கூரையான அண்ணத்தில்தான் பிளவு. பாலாடையில் எவ்வளவு நிமிர்த்திப் பிடித்துப் புகட்டினாலும் பாதிப் பால் மூக்கு வழியாக வந்துவிடும். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்று தெருவே பேசியது. அன்று காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தேன், அதை யார் கேட்டார்கள்?

11 மாதத்தில் ஆபரேஷன். மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் தேதி. பால் நிறுத்தி, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறோம். மயக்க டாக்டர் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு, “சளி இருக்கும்மா, ரத்த அளவும் (ஹீமோகுளோபின்) எட்டரைதான். இன்னைக்கு வேண்டாம்” என்றார். வீட்டுக்காரர் சத்தமே போட்டுவிட்டார். லீவு வாங்கினவருக்குத்தானே தெரியும்.

அந்த டாக்டர் கோபப்படவில்லை. தைத்த பிறகு வாய்க்குள் வீங்கும், மூச்சுப் போகிற வழி குறுகும், அதில் சளியும் சேர்ந்தால் ஆபத்து. இருமி இருமித் தையலும் விட்டுப்போகலாம். ரத்தம் குறைவான பிள்ளைக்கு ஆபரேஷனில் கொஞ்சம் போனாலே தாங்காது, என்றார். 2 மாதம் கேழ்வரகுக் கூழும் இரும்புச்சத்து சொட்டு மருந்தும் கொடுத்தோம். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பதறி ஓடினேன், மருந்தால்தான் என்று நர்ஸ் சிரித்தார். ரத்தம் 10.2 வந்ததும் செய்தார்கள். தையல் பிரியவில்லை.

மேலூர் அப்பா:
எங்களுக்குப் பிரிந்தது. மகனுக்கு இரண்டு பக்க உதட்டோடு சேர்ந்த அகலப் பிளவு. “இழுத்துத் தைக்கணும், ஓட்டை விழ வாய்ப்பு இருக்கு” என்று முதலிலேயே சொன்னார்கள். கையை மடக்கி வாயில் விரல் வைக்காதபடி முழங்கையில் அட்டை கட்டி அனுப்பினார்கள். வடிகட்டின கஞ்சி, ஆறின ரசம், ஸ்ட்ரா கூடாது, குடித்ததும் ஒரு மடக்குத் தண்ணீர். எல்லாம் செய்தோம். மூன்றாவது வாரம் மூக்கில் ரசம் எட்டிப் பார்த்தது. டார்ச் அடித்தால் அண்ணத்தில் அரிசி அளவு ஓட்டை.

அதற்கு முந்தின நாள்தான் என் அம்மா அவனுக்கு முறுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தார். மாதக்கணக்கில் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு டாக்டரிடம் கேட்டேன். அகலமான பிளவில் இழுவை அதிகம், முறுக்கு மேல் மட்டும் பழி போடாதீங்க என்றார். 8 மாதம் கழித்து ஓட்டையை மூடினார்கள். அம்மா அதற்குப் பிறகு வீட்டில் முறுக்கே சுடவில்லை.

திருமங்கலம் நர்ஸ்:
தாடை ரொம்பச் சின்னதாக இருக்கிற பிள்ளைகளுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரிதான் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் திணறல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் கலந்த எச்சில் முதல் நாள் லேசாக வரும். பளிச்சென்று புது ரத்தம் வந்தாலோ, பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

உசிலம்பட்டி அம்மா:
குறட்டை எங்களுக்கும் இருந்தது, நான் சொல்லவே இல்லை! இப்போது பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருநாள் பஸ் ஏறுகிறோம். ‘அப்பா’ இன்னும் ‘அம்மா’ மாதிரிதான் வருகிறது. வீட்டுக்காரருக்குத்தான் வருத்தம்.