எங்கள் பாத்தி மண்ணைத் தேற்ற வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு சின்னப் பாத்தி உண்டு. மூன்று வருடமாக வெண்டையும் பசலையும் தழைத்த இடம், இப்போது மண் செங்கல் மாதிரி இறுகிவிட்டது, மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கிறது, தோண்டினால் ஒரு மண்புழுகூட இல்லை. ரசாயன உரத்தை மட்டும் போட்டு, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளி, தரையை வெறுமையாக விட்டிருந்தேன். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் மூடாக்கு (மண்ணை மூடும் இலை, சருகுப் போர்வை) இல்லாவிட்டால் சத்து கரைந்தோடத்தானே செய்யும்.

பழைய மண்ணைக் கொட்டிவிட்டு மூட்டை மண் வாங்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை. இயற்கையில் 2, 3 செண்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள்கூட ஆகலாம், அதையா குப்பையில் போடுவது?

காப்பிக்கடையில் காப்பிச் சக்கை தருகிறேன் என்கிறார்கள். அதை அப்படியே போடலாமா, காய்ந்த இலையோடு மக்க வைத்துத்தான் போட வேண்டுமா? வாடை, எலி, கரப்பான் வராமல் வீட்டிலேயே காய்கறிக் கழிவை மக்க வைப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? அப்புறம், தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் முன் வெட்டி மண்ணோடு சேர்த்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொஞ்சம் மண்புழு தர முடிந்தால் சொல்லுங்கள், எந்தப் பேட்டையாக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.