மறுமொழி: ‘ரேஞ்ச் ஷிப்ட்’, ‘ஸ்பீசிஸ் டிஸ்ட்ரிபியூஷன் மாடல்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் உயிரினம் வாழும் பரப்பு மாறுவதைச் சொல்லும் ‘ரேஞ்ச் ஷிப்ட்’டுக்கும், அது எங்கே வாழக்கூடும் என்று கணிக்கிற கணினிக் கணக்கான ‘ஸ்பீசிஸ் டிஸ்ட்ரிபியூஷன் மாடல்’லுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த பரிந்துரைகள்: இனப்பரவல் மாதிரி, சிற்றினப் பரம்பல் மாதிரியுரு, காலநிலை உறை, வாழ்சரகம், இடம்பெயர்வு. உழைத்துச் செய்தவைதான். ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலப் பெயரைப் பார்த்துச் செய்தவை. அந்த ஆங்கிலப் பெயரே அந்த வேலையைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் கட்சி. ஆகவே வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

புதுச்சேரிப் பக்கத்துப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் நிற்கிற உலக்கைப்பாலையை எடுத்துக்கொள்வோம். அந்த மரம் எங்கெல்லாம் பார்க்கப்பட்டிருக்கிறது என்று புள்ளிகளைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு என்பதை வேர்ல்ட்கிளிம் போன்ற தரவுத் தொகுப்பிலிருந்து எடுக்கிறார்கள். அதில் இப்படி 19 அளவுகள் உண்டு. பிறகு மேக்ஸ்என்ட் மாதிரி ஒரு மென்பொருள், இந்த மரம் எந்த வெயிலையும் எந்த மழையையும் ஏற்கிறது என்று கணக்குப் போட்டு, அதே நிலைமை உள்ள இடங்களை எல்லாம் வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டும். அப்புறம் 2050இல் இருக்கும் என்று எதிர்பார்க்கிற காலநிலைக்கும் அதே கணக்கைப் போட்டால் இன்னொரு படம் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் செய்திகளில் ‘மரங்கள் இடம்பெயரும்’ என்று போடுகிறார்கள். படமோ அப்படி எதுவும் சொல்லவில்லை. எங்கே தோதுப்படும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். மரம் அங்கே போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி.

இந்த வித்தியாசத்தைப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைப் போலக் காட்டும் உதாரணம் கிடைக்காது. முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பும் நம்முடைய செம்மண் மேடும் வெயிலும் மழையும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தன, மரம்தான் இல்லை. நடுவில் கடல் கிடந்தது. ஆக, இரண்டு சொல் வேண்டும். ஓர் உயிர் இருக்கிற பரப்புக்கு ஒன்று, அதற்குப் பொருந்துகிற இடத்துக்கு ஒன்று. முதலாவதற்கு ‘வாழெல்லை’, இரண்டாவதற்கு ‘தோதிடம்’ என்று முன்மொழிகிறேன். முந்திரிக்குக் கடலூர் எப்போதோ தோதிடம். வாழெல்லை ஆனது கப்பல் வந்த பிறகு. இந்தச் சொற்களை முன்பு சொன்னபோது வந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

> ‘தோது’ கொச்சையாக இருக்கிறது. பாடநூலில் ஏறாது. ‘உகந்த வாழிடம்’ போதாதா?

ஐயா, ‘உகந்த வாழிடம்’ என்றால் கேட்பவர் ஏரி, காடு, கழிமுகம் என்று நினைப்பார். வாழிடம் என்பது ‘ஹாபிடட்’டுக்கு ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். இங்கே பேசுவது பெரும்பாலும் காலநிலைப் பொருத்தம்; தோதிடத்துக்குள்ளேயே வாழிடம் அழிந்துபோயும் இருக்கலாம், குளத்தைத் தூர்த்து மனை போட்ட மாதிரி. மேலும், ‘இந்த மண்ணு இதுக்குத் தோதுப்படாது’ என்று எங்கள் பக்கத்தில் விவசாயி சொல்லும்போது அவர் செய்வதும் இதே கணக்குத்தான். பாடநூலில் ஏறாது என்பது பாடநூலின் பிரச்சினை.

> ‘ரேஞ்ச்’ என்பது பரப்பு. ‘எல்லை’ என்பது கோடு அல்லவா?

கோடும்தான், கோட்டுக்குள் இருப்பதும்தான். ‘இந்தக் காவல் நிலைய எல்லைக்குள்’ என்றால் யாரும் கோட்டின் மேல் நிற்பதாக நினைப்பதில்லை. ஓரத்தை மட்டும் சொல்ல ‘விளிம்பு’ இருக்கிறது. வெப்பம் கூடும்போது புதிதாகப் பிடிக்கிற பக்கம் முன்விளிம்பு, விட்டுக்கொடுக்கிற பக்கம் பின்விளிம்பு. ‘வாழ்சரகம்’ அழகான சொல்தான், ஆனால் வனத்துறையில் சரகம், சரகர் என்று ஆட்களே இருக்கிறார்கள். ‘புலியின் வாழ்சரகம்’ என்று எழுதினால் எந்தச் சரக அலுவலகம் என்று கேள்வி வரும்.

அடுத்தது ‘ஷிப்ட்’. ‘இடம்பெயர்வு’ வேண்டாம். பறவை போய் வருவதற்கு வலசை இருக்கிறது, மனிதர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்படுவதற்கு இடம்பெயர்வு இருக்கிறது. இங்கே எந்த மரமும் எழுந்து நடக்கவில்லை. முன்விளிம்பில் விதை விழுந்து முளைக்கிறது, பின்விளிம்பில் கிழட்டு மரம் பட்டுப்போகிறது, அங்கே கன்று எழும்பவில்லை. நகர்வது எல்லைதான். ஆகவே ‘வாழெல்லை நகர்வு’. ‘வாழெல்லைப் பெயர்ச்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் எந்த ராசிக்குப் பரிகாரம் என்று கேட்டுவிடுவார்கள்.

கடலூர் துறைமுகத்து நண்பர் கேட்ட கேள்வி முக்கியமானது: மரத்துக்குச் சரி, மீனுக்கு? மீனில்தான் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நாம் வாங்குகிற மத்தியையே பாருங்கள். 1985க்கு முன் பிடிபட்ட மத்தியில் ஏறக்குறைய எல்லாமே மலபார்க் கடற்கரையில் பிடிபட்டவை. பிறகு வடக்கே நீண்டது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் நல்ல அளவில் கிடைக்கத் தொடங்கியது. கடல் மேற்பரப்பு சூடாவதோடு இதைத் தொடர்புபடுத்தி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் எழுதியிருக்கிறார்கள். மலபாரிலும் இருந்துகொண்டே இங்கேயும் வந்ததால் இதை வாழெல்லை விரிவு என்பதே துல்லியம். நகர்வு என்ற பெரிய தலைப்புக்குள் விரிவு, சுருக்கம் இரண்டும் அடங்கட்டும். ‘தோதுநிலம்’ என்று வைக்காமல் ‘தோதிடம்’ என்று வைத்ததற்குக் காரணமும் மத்திதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மீன் அதிகம் பிடிபட்டால் மீன் கூடியிருக்கலாம், வலை மாறியிருக்கலாம். சுருக்குமடி போட்டவர் கணக்கையும் சாதாரண வலை போட்டவர் கணக்கையும் ஒன்றாக வைத்து ஒப்பிட முடியாது. பறவையிலும் இதே கதை: புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரிக்குத்தான் ஆட்கள் கேமராவோடு போகிறார்கள், ஆகவே புள்ளிகளும் அங்கேதான் குவியும். அதனால் ஓர் உயிரை ஓரிடத்தில் பார்த்ததாகக் குறிக்கும் ‘பிரெசென்ஸ் ரெக்கார்டு’க்கு ‘இருப்புப் பதிவு’ வேண்டாம், ‘தென்பட்ட பதிவு’ என்று வைப்போம். இருப்பு என்றால் கிடங்குக் கையிருப்பு நினைவுக்கு வருவது ஒருபுறம். தென்பட்டது என்றால் பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. இல்லாத இடம் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளும் புள்ளிகளுக்குப் ‘பாவனை இன்மை’ சரியாகவே இருக்கிறது.

‘மாடல்’ என்பதற்கு ‘மாதிரி’ வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், 1955இல் தொடங்கிய நிறுவனம், உலர்தாவரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அங்கே தாளில் ஒட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி. மண்ணெடுத்துச் சோதித்தால் மண் மாதிரி. ‘மாதிரிகளைக் கொண்டு மாதிரி தயாரித்தோம்’ என்று ஆய்வுச் சுருக்கம் எழுதினால் படிக்கிறவருக்கு ஒரு மாதிரியாக இருக்கும். இலங்கை நண்பர் சொன்ன ‘மாதிரியுரு’வை அப்படியே எடுத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிபியூஷனுக்குப் ‘பரம்ப’லையும் அங்கிருந்தே வாங்கலாம். நாம் டிஸ்ட்ரிபியூஷனுக்கும் பரவல், விதை பரவுவதற்கும் பரவல், காய்ச்சலுக்கும் பரவல் என்று ஒரே சொல்லை மூன்று வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறோம். பரவல் இனி விதை பரவுவதற்கு, அதாவது ‘டிஸ்பெர்சல்’லுக்கு, மட்டும். ஆக ‘ஸ்பீசிஸ் டிஸ்ட்ரிபியூஷன் மாடல்’லுக்கு முழுப்பெயர்: தோதிட மாதிரியுரு. இனம், சிற்றினம் சண்டை பெயருக்குள் வரவே வேண்டாம்.

வேர்ல்ட்கிளிமின் அந்த 19 அளவுகளில் வருகிற ‘வெட்டஸ்ட் குவார்ட்டர்’ (மழை அதிகம் பெய்யும் மூன்று மாதம்) என்பதை ‘ஈரமான காலாண்டு’ என்று போட்டிருந்தீர்கள். காலாண்டு என்றால் ஜனவரி-மார்ச் என்று கட்டிப்போட்ட மூன்று மாதம். இங்கே அடுத்தடுத்து வரும் எந்த மூன்று மாதமும் ஆகலாம். ‘மழைமிகு மும்மாதம்’ என்பேன். கடலூருக்கு அது அக்டோபர்-டிசம்பர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஜூன்-ஆகஸ்ட். நடுவில் எங்கோ வரைபடத்தின் ஒரு கட்டத்தில் (சதுரத்தில்) இதுவும் பக்கத்துக் கட்டத்தில் அதுவுமாக மாறுகிறது. அந்த மாதங்களின் வெப்பத்தைக் கணக்கில் சேர்த்தால் படத்தில் கத்தி வைத்து வெட்டியது போலக் கோடு விழும். அங்கே இயற்கையில் அப்படி ஓர் எல்லை கிடையாது. இரண்டு பருவமழை இருக்கிற ஊர்க்காரர் நாம், இந்த அளவைப் போடும்போது கண்ணைத் திறந்துகொண்டு போட வேண்டும்.

கட்டம் என்றதும் கோயில் காடு. வேர்ல்ட்கிளிம் கட்டம் மிக நுண்ணிய அளவிலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர். புத்துப்பட்டும் கடலூர்ப் பக்கத்துத் திருமாணிக்குழியும் சில ஹெக்டேர் காடுகள். அந்தக் கட்டத்தின் வெப்பம் என்று கணக்கில் ஏறுவது சுற்றிலும் உள்ள வயலுக்கும் சாலைக்கும் சேர்த்த சராசரி. காசா, வீரை மரங்கள் பின்னிக் கிடக்கிற நிழலுக்குள் இருக்கிற குளிர்ச்சி அதில் இல்லை. அந்த உள்குளிர்ச்சிக்கு ‘நுண்காலநிலை’ என்ற சொல் இருக்கிறது, போதும். மலை உயிர்கள் மேலே ஏறிப் பிழைக்கலாம். 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பத்தாண்டுக்குச் சராசரியாக 11 மீட்டர் மேலேறுவதாகக் காட்டியது. நம் கடற்கரைக் காட்டுக்கு ஏற மேடு ஏது? கிழக்கே கடல், மேற்கே கல்வராயன் மலைவரை கரும்பும் நெய்வேலிச் சுரங்கமும் நெடுஞ்சாலையும். பறவையோ வௌவாலோ விதையைத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. இதைப் ‘பரவல் தடை’ எனலாம்.

கடைசியாக, ‘கமிட்டெட் டு எக்ஸ்டிங்ஷன்’. 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, தான் எடுத்துக்கொண்ட பகுதிகளில், நடுத்தர வெப்ப உயர்வுக்கு, 15 முதல் 37 விழுக்காடு உயிரினங்கள் 2050க்குள் இந்த நிலையை அடையும் என்றது. செய்தியாக வந்தபோது அது ‘2050க்குள் பத்து லட்சம் இனங்கள் அழியும்’ ஆகிவிட்டது. ஆய்வு சொன்னது அதுவல்ல: தோதிடம் சுருங்கிப்போய், இனி அழிவிலிருந்து மீள வழியில்லாத நிலையை 2050க்குள் எட்டிவிடும், கடைசி மரம் விழ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆகலாம். ‘அழிவுக்கு ஆட்பட்ட’ என்று வைக்கலாமா? அந்த இடைப்பட்ட காலத்து நிலுவைக்கு ‘அழிவுக் கடன்’ பொருந்தும்.

ஓர் உயிருக்குச் சூழலில் உள்ள இடத்தையும் பங்கையும் சொல்லும் ‘நிச்’சைத் தொடவில்லை. பாடநூலில் உள்ள ‘செயல்வாழிடம்’ எனக்கு ஒட்டவில்லை, மாற்றும் கைவசம் இல்லை. சிதம்பரத்து அம்மா போன வாரம் ஏதோ யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார், அவர் எழுதட்டும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து